செய்தவர் பேரைப் பெரிதாகப் போடு

இன்று காலை அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷினுக்குப் பின்னால் உள்ள அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை மாதிரிகளுக்கு நடுவே நீ எப்போதோ வைத்துவிட்டுப் போன நல்லெண்ணெய் பாட்டில் ஒன்று இருந்தது. மூடி தளர்ந்திருக்கிறது போலும். கையில் எடுத்ததும் எள்ளும் பனைவெல்லமும் சேர்ந்த அந்த வாசனை, மையின் நெடியையெல்லாம் தள்ளிவிட்டு மேலே வந்தது. துடைக்கிற துணியோடு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். விசிட்டிங் கார்டு வாங்க வந்தவர், "இன்னா சார், உடம்பு சரியில்லியா?" என்று கேட்டார். நல்லாத்தான் இருக்கிறேன் என்றேன். வேறென்ன சொல்வது?

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. உனக்கு எழுத வேண்டும் என்று பல நாள் நினைத்ததுண்டு. இன்றைக்குத்தான் கை வந்தது.

சோப்பும் பிஸ்கட்டும் விற்கிற கம்பெனிக்கு லைன் சேல்ஸ்மேனாகப் பல வருஷம் ஓடினாய். உத்திரமேரூர், மானாம்பதி, சாலவாக்கம் என்று பெட்டிக்கடை விடாமல் ஏறி இறங்கிச் சரக்கு போட்டு ஆர்டர் எடுப்பாய். சாயங்காலம் என் அச்சகத்துக்கு வந்து வண்டியை நிழலில் போட்டுவிட்டு, டீ வருவதற்குள் அன்றைக்குப் பார்த்ததைச் சொல்ல ஆரம்பிப்பாய். எவ்வளவு விற்றது என்று ஒருநாளும் நீ சொன்னதில்லை. இன்ன ஊரில் ஒரு அம்மா அப்பளம் இடுகிறார், இன்ன தெருவில் ஒருவர் கோரைப்பாய் நெய்கிறார், மானாம்பதியில் முனுசாமி என்பவர் மரச்செக்கில் எண்ணெய் ஆட்டுகிறார் என்றுதான் பேச்செல்லாம். ஒருநாள் டீ கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னாய்: "டேய், பை நெறைய எடுத்துக்கினு போயி காலியா திரும்பி வரேன். இனிமே காலியா போயி நெறைய எடுத்துக்கினு வரப்போறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்றுதான் நினைத்தேன். அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டாய். மூடிக் கிடந்த ரைஸ் மில் வாசலை ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மட்டும் கேட்டு வாங்கினாய். செய்கிறவர்களே வந்து உட்கார்ந்து விற்கட்டும், நாம் இடத்தைக் கூட்டி, ஆளைக் கூப்பிட்டுவிட்டால் போதும் என்றாய். உன் மனைவியை நான் தங்கச்சி என்றே கூப்பிடுவேன். அவள் அன்றைக்கு என்னிடம் வந்து, "அண்ணா, இவரு பண்றது உங்களுக்குப் புரியுதா?" என்று கேட்டாள். எனக்கும் புரியவில்லை. ஆனால் முதல் சந்தைக்கு லேபிள் அடித்துக் கொடுத்தது நான்தான்.

அந்த லேபிளுக்காக நாம் போட்ட சண்டை கொஞ்சமா? சந்தையின் பெயரை மேலே பெரிதாகப் போட்டு, பூ பார்டர் கட்டி, அழகாக வைத்திருந்தேன். பார்த்ததும் உனக்கு முகம் சுருங்கிவிட்டது. "இத்த இன்னா கல்யாணப் பத்திரிகைன்னு நென்ச்சியா? செஞ்சவங்க பேரப் பெருசாப் போடு. ஊரப் போடு. நம்ம பேரு எங்கனா கீழ கெடக்கட்டும்." இடம் போதாது என்றேன். "அப்ப நம்மள எடுத்துடு," என்றாய்.

சாலவாக்கம் ஏரிக்கரைப் பக்கம் இருக்கும் இருளர் குடியிருப்பிலிருந்து கன்னியம்மாவை நீ கூட்டிவந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவரும் அவர் கணவரும் புதர்களில் தொங்கும் கொம்புத்தேன் எடுப்பவர்கள். அச்சகத்துக்குள் வரவே தயங்கி வாசலிலேயே நின்றார். நீ நாற்காலியை வாசலுக்கே தூக்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் போட்டாய். லேபிளில் அவர் பேரும் ஊரும் வரும் என்றதும் அவர் பயந்துவிட்டார்.

"எங்க பேரா? வாணாம் நைனா. எங்க எடம்னு தெரிஞ்சா யாரு வாங்குவாங்க?"

"தெரியட்டும்க்கா. தெரிஞ்சே வாங்கட்டும்," என்றாய்.

அவர் பயந்தது பொய்யில்லை. சந்தைக்கு அவர் வந்த முதல் ஞாயிறே, கண்ணாடி போட்ட ஒருவர் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு லேபிளைப் படித்தார். படித்துவிட்டு, சூடுபட்டதுபோல் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு நடந்தார். கன்னியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அந்த ஆளின் சட்டையைப் பிடிக்கலாம் போலிருந்தது. நீயோ அதே பாட்டிலைத் திறந்து உள்ளங்கையில் ஊற்றி நக்கினாய். பிறகு கன்னியம்மா பக்கத்தில் சாக்கு விரிப்பில் உட்கார்ந்தாய்.

"அதான் சொன்னேன் நைனா," என்றார் அவர்.

"அவுரு வாங்கலன்னா இன்னொருத்தர் வாங்குவாரு. நீ எந்திரிச்சுப் போவாம இரு, அது போதும்." அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் நீ அங்கிருந்து எழுந்திருக்கவே இல்லை. டீயைக்கூட அங்கேயே வரவழைத்து இரண்டு பேருமாகக் குடித்தீர்கள்.

சந்தை மெல்ல நிலைத்தது. செங்கல்பட்டிலிருந்து, காஞ்சிபுரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அப்போதுதான் சென்னையிலிருந்து அந்தக் கடைக்காரர் காரில் வந்தார். எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் யாரும் உட்கார வேண்டாம். ஆனால் பாட்டில் மேலும் பாக்கெட் மேலும் அவருடைய கடைப் பெயர் மட்டும்தான் இருக்கும். "நான் செய்யறதில்ல சார், செய்யறவங்களக் கேக்கணும்," என்று சொல்லிவிட்டு, மில் வாசலில் எல்லோரையும் கூட்டினாய்.

முனுசாமி முதலில் எழுந்தார். "எனக்கு ரெண்டு பொண்ணு கீது தம்பி. பேர வச்சிக்கினு நான் இன்னா பண்ண?" அவரைத் தொடர்ந்து இன்னும் சிலர் தலையாட்டினார்கள். எல்லோரும் கன்னியம்மாவைப் பார்த்தார்கள். பேர் இல்லாமல் விற்றால் யாரைவிடவும் லாபம் அவருக்குத்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "எம்பொண்ணு இஸ்கூலுக்குப் போவுது. அந்த பாட்டில்ல எம்பேர எழுத்துக் கூட்டிப் படிச்சிது நைனா. அது இருக்கட்டும்." அவ்வளவுதான் சொன்னார். நீ குனிந்து செருப்பைச் சரிசெய்வதுபோல் கொஞ்ச நேரம் நிமிராமல் இருந்தாய்.

முனுசாமி மட்டும் சென்னைக் கடைக்காரரோடு போய்விட்டார். நீ அவரைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. என்னையும் பேச விடவில்லை. மழை முடிவதற்குள் சென்னைக் கடைக்காரர் வேறெங்கோ மலிவாகக் கிடைத்ததென்று இங்கே வாங்குவதை நிறுத்திவிட்டார். முனுசாமி வெட்கப்பட்டுக்கொண்டு இந்தப் பக்கமே வரவில்லை. நீதான் வண்டியை எடுத்துக்கொண்டு மானாம்பதிக்குப் போனாய். என்ன பேசினாய் என்று எனக்குத் தெரியாது. அந்த ஞாயிறு உன் வண்டியின் பின்சீட்டில் எண்ணெய்க் கேனைக் கட்டிப்பிடித்தபடி வந்து இறங்கினார். அவருடைய பழைய இடத்தில் அதுவரை யாரையும் உட்கார வைக்காமல் வைத்திருந்தாய் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

கடைசி ஞாயிறைப் பற்றி எழுத மனசு வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். பந்தல் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவன் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தாய். "ஒண்ணுல்லடா, கேஸு. காலைல நாஷ்டா துன்னல," என்றாய். சோடா குடித்தாய். ஏப்பம் விட்டுவிட்டுச் சிரித்தாய். கோரைப்பாய்க்காரரிடம் வெயில் படாமல் தள்ளி உட்காரச் சொன்னாய். அப்புறம் கயிற்றைப் பிடித்தபடியே சரிந்தாய். பாய்களையெல்லாம் இறக்கிப் போட்டுவிட்டு அவருடைய குட்டியானை வேனிலேயே உன்னை ஏற்றினோம். உன் தலை என் மடியில் இருந்தது. செங்கல்பட்டு போய்ச் சேருவதற்கு முன்பே உன் கை கனத்துவிட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் டிரைவரிடம் வேகமாகப் போ, வேகமாகப் போ என்று கத்திக்கொண்டே இருந்தேன்.

உன்னைக் குளிப்பாட்ட எண்ணெய் கேட்டபோது முனுசாமி கேனோடு நின்றிருந்தார். அவரே உன் தலையில் வைத்தார். வைத்துவிட்டுக் கையை எடுக்கவே இல்லை. கன்னியம்மா தெருமுனையில் தன் பெண்ணோடு நின்றதைப் பார்த்துத் தங்கச்சி எழுந்து போய்க் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்தாள். அந்தத் தெருவில் அப்படி ஒன்று அதற்கு முன் நடந்ததில்லை. சிலர் முணுமுணுத்தார்கள். தங்கச்சி காதிலேயே வாங்கவில்லை.

சந்தை நடக்கிறது. தங்கச்சிதான் இடத்தைக் கூட்டுகிறாள். உன்னைப்போல் ஊர் ஊராகச் சுற்றிப் புது ஆளைக் கண்டுபிடிக்கத்தான் எங்களுக்கு வரவில்லை.

சென்ற வாரம் கூரத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன். இலையில் வைத்த நார்த்தங்காய் ஊறுகாயை வாயில் போட்டதும் எனக்கே தெரியாமல் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். கையைக் கழுவிக்கொண்டு சமையல் பந்தலுக்குப் பின்னால் போய், இது யார் போட்டது என்று கேட்டேன். பாத்திரம் ஒழித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, தப்பு ஏதோ நடந்துவிட்டதென்று பயந்துபோய் எழுந்தாள்.

"நான்தாண்ணா. வூட்ல போட்டது. ஏண்ணா, நல்லா இல்லியா?"

"ரொம்ப நல்லா கீதும்மா," என்றேன். உத்திரமேரூரில் ஞாயிற்றுக்கிழமை சந்தை இருக்கிறது, வந்து உட்காரலாம், உன் பேர் போட்டே விற்கலாம் என்றெல்லாம் சொன்னேன். எல்லாம் நீ சொல்கிற மாதிரியே வாயில் வந்தது.

"யாருண்ணா அத்த நடத்துறது?"

உன் பேரைச் சொன்னேன்.

"அவுரு நல்லவரா?"

"நல்லவரு," என்றேன்.

"அப்ப அவுருக்குன்னு ஒரு டப்பா தனியா எடுத்துக்கினு வரேன்ணா."

சரிம்மா, எடுத்துக்கொண்டு வா என்று சொல்லிவிட்டேன். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. அவள் வருவாள்.