அடுப்பேறாத சாப்பாடு

நவம்பர் 17, ஞாயிறு

சர்க்கரை 108. வெறும் வயிற்றில். மாத்திரை இல்லாமல்.

நாலு வருடத்துக்கு முன்னால் இதே லேபில் 286 என்றார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பாவுக்கு வலது கால் போனது சர்க்கரையில்தான். கட்டைவிரலில் ஒரு புண், அப்புறம் பாதம், அப்புறம் முழங்கால்வரை. எனக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் அன்றிலிருந்து அடுப்பேறிய எதையும் தொடுவதில்லை. தேங்காய், கொய்யா, வெள்ளரி, முளைகட்டின பயறு, அவ்வளவுதான். கறி, மீன், பால், மோர் எதுவும் கிடையாது.

தொழிலோ பலகாரம். தேன்குழலும் சீப்புச்சீடையும் பொரித்துச் சிங்கப்பூருக்குப் பார்சல் கட்டுகிறேன். உப்புப் பார்ப்பது ரவிக்குமார், என் வீட்டுக்காரர். "ஊருக்கெல்லாம் எண்ணெய்ப் பலகாரம், ஒனக்கு மட்டும் ஆட்டுத் தீவனமா?" என்று கேட்பார். கேட்டுவிட்டுப் போகட்டும். 108!

வாட்ஸ்அப்பில் இயற்கை உணவுக் குழுவில் போட்டேன். நாற்பது கும்பிடு வந்தது. குழுவை நடத்தும் ஐயனார் அண்ணன், "நம்ம அகல்யாவே சாட்சி" என்று எழுதியிருந்தார். இரண்டு தடவை படித்துக்கொண்டேன்.

டிசம்பர் 2, திங்கள்

கடைவீதியில் ஒரு செருப்பு எங்கேயோ கழன்றிருக்கிறது. ஒரு கால் வெறுங்காலாக இருப்பதை வீட்டு வாசலில்தான் பார்த்தேன். நல்லவேளை, பழைய செருப்பு, திரும்பிப் போனபோது கழன்ற இடத்திலேயே கிடந்தது.

டிசம்பர் 19, வியாழன்

தேன்குழல் மாவு இன்றும் கெட்டது. அச்சில் பிழியப் பிழிய அறுந்து விழுகிறது. மாவுப் பதம் விரலுக்குத்தான் தெரியும். என் விரலோ உறை மாட்டினதுபோல் இருக்கிறது. நாக்கும் எரிகிறது, கொய்யாவுக்கே எரிகிறது.

கால் மரத்துப்போய்த்தான் இருக்கிறது. எழுதிவிட்டேன். அப்பாவுக்கும் முதலில் மரத்ததுதான் — ஆனால் 108 என்கிறார்களே? பழைய சர்க்கரை உள்ளே எங்காவது ஒளிந்திருக்குமா?

ஐயனார் அண்ணனுக்குப் போன் போட்டேன். "பயப்படாதம்மா. ஒடம்பு கழிவத் தள்ளுது. பயறையும் நிறுத்திப் பாரு" என்றார்.

டாக்டரிடம் போகலாம். போனால் சர்க்கரை மாத்திரையை மறுபடி கையில் திணிப்பார்கள். வேண்டாம். பயறை நிறுத்திவிட்டேன்.

ஜனவரி 14, பொங்கல்

பொங்கல் வைத்தேன், கும்பிட்டேன், எல்லோருக்கும் போட்டேன். எனக்குத் தேங்காய். என்னிடம் பார்சல் கட்டும் யோகலட்சுமியும் இந்த வருடம் பொங்கலைத் தொடவில்லையாம். "நீங்க இருக்கீகல்லக்கா, அதான் நானும்" என்றாள். அவளும் இந்தச் சாப்பாட்டை ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிறது.

மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அவளிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

பழனிக்கு நடை தொடங்கியாயிற்று. அப்பாவுக்குக் கால் எடுத்த வருடம் வேண்டிக்கொண்டது, என் கால் உள்ளவரை நடக்கிறேன் என்று. இவரும் கூட வருகிறார். "ஒன் தேங்காய் மூட்டைய யாரு தூக்குறது?" என்று முனகிக்கொண்டே வருகிறார்.

பிப்ரவரி 5, சிங்கம்புணரி

எல்லோருக்கும் கொப்புளம். எனக்கு வலியே இல்லை. கூட நடக்கும் சின்னக்கருப்பு அண்ணன், "முருகன்ல ஒங்கள மெத்தையில நடத்துறான்" என்று என் காலைப் பார்த்துக் கும்பிட்டார். பெருமையாகத்தான் இருந்தது. மறைப்பானேன்.

அன்னதானப் பந்தலில் ஓர் அம்மா கஞ்சியை நீட்டினார். வேண்டாம் என்றேன். "பழனிக்கு நடக்குறவுக குடுக்குறத வேணாங்கக் கூடாது தாயி. ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க." வாங்கி, அவர் அங்குட்டுத் திரும்பியதும் பக்கத்து ஆளிடம் தள்ளிவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். என்னிடம் மறைக்கச் சோறுகூட இல்லை.

பிப்ரவரி 6, நத்தம்

பின்னால் வந்தவர் கத்தினார், "யாரு காலுய்யா அது? ரோடெல்லாம் ரத்தம்!" எல்லோரும் குனிந்து அவரவர் காலைப் பார்த்தார்கள். நானும் யார் என்று சுற்றிப் பார்த்தேன். என் கால்.

கருவேல முள், விரல் நீளம். எவ்வளவு தூரம் அதோடு நடந்தேனோ. இவர் உட்காரவைத்துப் பிடுங்கினார். பிடுங்கும்போது என் முகத்தையே பார்த்தார்.

"வலிக்கலையா?"

"இல்லைங்க."

"அகல்யா, நெசமா வலிக்கலையா?" குரல் உடைந்துவிட்டது.

ஐயோ, அப்பா மாதிரி என் காலும் போயிருமா? முருகா, இதுக்குத்தானா இம்புட்டையும் விட்டேன்? மெத்தையாம் மெத்தை! நானும் நம்புனேனே, புத்தி கெட்டவ.

ஊருக்குப் பஸ் ஏறிவிட்டோம்.

பிப்ரவரி 8, சனி

டாக்டர் ரிஸ்வானா ரத்தச் சீட்டைத் திருப்பி என் பக்கம் வைத்தார். "சர்க்கரை நல்லாத்தான் இருக்கு. பி12ங்குற சத்துதான் தரைதட்டிருச்சு. ரத்தமும் கம்மி."

"காலு போயிருமா டாக்டர்?"

"போகாது. நரம்பு பட்டினி கெடக்கு. ஊசி போடுவோம். ஆனா முழுசாத் திரும்பும்னு சத்தியம் பண்ண மாட்டேன், ரொம்பத் தாமதமா வந்துருக்கீக."

இத்தனை தேங்காய், இத்தனை பழம், இதில் ஒன்றிலுமா இல்லை என்று கேட்டேன். இல்லையாம். அதைச் செய்வது நுண்ணுயிர்கள். கறி, மீன், பால் வழியாக நமக்கு வரும், இல்லாவிட்டால் மாத்திரையாக வர வேண்டும். முன்னால் நான் சாப்பிட்ட சர்க்கரை மாத்திரையும் அதைக் கொஞ்சம் கரைத்திருக்குமாம். "கறி, பால் வேணாம்னா வேணாம், அது ஒங்க இஷ்டம். ஆனா பருப்பு, கீரை, அளவாச் சோறு வேணும். பி12 மாத்திரைய ஆயுசுக்கும் விடாதீக."

108 பொய் சொல்லவில்லை. நான்தான் அந்த ஒரு எண்ணிடம் எல்லாக் கேள்வியையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 11, தைப்பூசம்

எல்லோரும் பழனியில். நான் கட்டுப்போட்ட காலோடு கட்டிலில்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பருப்புச் சோறும் முருங்கைக் கீரையும். இவர்தான் வடித்தார், குழைத்துவிட்டார். நாலு வாய் சாப்பிட்டதும் அழுகை வந்துவிட்டது. சூடாகச் சாப்பிடுவதென்றால் எப்படி என்பதே மறந்துபோயிருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

நடந்ததையெல்லாம் எழுதி, ரத்தச் சீட்டையும் குழுவில் போட்டேன். என்னைப் பார்த்துத்தானே அத்தனை பேர் சேர்ந்தார்கள். சொல்லாமல் இருந்தால் சோறு இறங்குமா?

பத்து நிமிடத்தில் ஐயனார் அண்ணன் பதில்: "கட்டுப்பாடு இல்லாதவுக தப்புக்கு உணவு என்ன செய்யும்?" அடுத்த நிமிடம் குழுவில் நான் இல்லை. கட்டுப்பாடு இல்லாதவளா நானு? நாலு வருசம் சட்டிக்கு முன்னால நின்னு ஒரு துண்டு வாயில போடாதவ!

கோபம் அடங்குவதற்குள் யோகலட்சுமி வந்தாள். "எனக்கும் நாக்கு எரியுதுக்கா. தலை சுத்துது. சொன்னா ஏசுவீகன்னு சொல்லல."

ரிஸ்வானாவிடம் அழைத்துப் போனேன். ரத்தம் எட்டுதான் இருக்கிறது. மாத்திரை எழுதிக்கொடுத்தார். அவள் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

இன்று மாவு அச்சில் அறுபடாமல் இறங்கியது. ஆசை தாளாமல் ஒரு துண்டு வாயில் போட்டேன். உப்புத் தூக்கல்!

"நாலு வருசமா இதையா சரி சரின்னீக?"

"கேக்குறப்ப ஒன் மூஞ்சி பாவமா இருக்கும். சரின்னுருவேன்" என்றார்.

ஜூன் 9, திங்கள்

வைகாசி விசாகம். குன்றக்குடிக்குப் பஸ்ஸிலேயே போனோம். பழனி பாக்கி இருக்கிறது, இருக்கட்டும்.

கூட்டத்தில் நின்று உச்சி வெயிலாகிவிட்டது. அடிவாரத்தில் செருப்பை விட்டு ஏறினோம். இவர் ஸ்ஸ், ஸ்ஸ் என்று குதித்துக் குதித்து ஏறினார். நான் எப்போதும்போல, கண்ணால் பார்த்துப் பார்த்துக் காலை வைத்தேன். பத்துப் படி போயிருக்கும். வலது குதிகாலில் என்னவோ.

நின்று குனிந்து பார்த்தேன். முள் இல்லை, ரத்தம் இல்லை, வெறும் கற்படி. காலை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன்.

"என்னங்க, சுடுதுங்க!"

"எல்லாத்துக்குந்தான் சுடுது, வெரசா ஏறுங்க தாயி" என்றார் பின்னால் வந்த ஓர் அம்மா.

இடது கால் இன்னும் மரமாகத்தான் இருக்கிறது. இவர் மேலே ஏறவில்லை, குதிக்கவும் இல்லை. அந்தக் கொதிக்கும் படியில் அசையாமல் நின்று என் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.