வளைவு மாறாத உறை

சென்னை, 15.5.2014

மந்தாரக்குப்பத்தில் இருக்கும் அன்பு அம்மாவுக்கு, ஆஸ்பத்திரியிலிருந்து மகள் ருக்சானா ஸலாம் சொல்லி எழுதுவது. நீங்களும் தம்பிப் பாப்பாவும் நலமா? நானும் அத்தாவும் நலம். போனில் பேசினால் இருவரும் அழுதுவிடுவோம், அதனால் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். பயப்படாதீர்கள். இதயத்தருகே வீங்கிய ரத்தக் குழாயைச் சுற்றி ஓர் உறை போடுவார்கள், அவ்வளவுதான். டாக்டரம்மா அந்த உறையின் மாதிரி ஒன்றைக் காட்டினார். தட்டையான சவ்வை வளைந்த அச்சில் சுற்றி மருந்தில் ஊறவைப்பார்களாம். அச்சை எடுத்த பிறகும் வளைவு மாறாதாம்.

"எதோட சவ்வுங்க?" என்று அத்தா தயங்கிக் கேட்டார்.

"பன்றியோடது இல்ல, மாட்டோட இதயத்து மேல இருக்கறது. போதுமா பாய்?"

"எம்பொண்ணு புல்லு கேக்காம இருந்தா சரிங்க" என்று இங்கே வந்தபின் முதல்முறையாகச் சிரித்தார்.

மாட்டின் செல் ஒன்றுகூட மிஞ்சாமல் கழுவிவிடுவார்களாம். இல்லாவிட்டால் என் உடம்பு ஏற்காதாம்.

பிள்ளை பெற்ற நாற்பது நாள் முடியாமல் நீங்கள் வர முடியாது, தெரியும். அஃப்சல் மாமா திங்கட்கிழமை வரும்போது என் அறிவியல் புத்தகத்தையும் உங்கள் பச்சை நூல் சேலையையும் கொடுத்தனுப்புங்கள். நர்ஸ் கூப்பிடுகிறார். நம் ஊர்ச் சுரங்கத்து நிலக்கரித் தூசி படிந்திருந்தாலும் பரவாயில்லை, அந்தச் சேலையைத் துவைத்துவிடாதீர்கள், அம்மா.

ருக்சானா