குவைத் டின்னும் எங்கள் நைலோனும்

திருகோணமலை
02.09.1980

அன்பு மகன் ஜவாஹிருக்கு உம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் வாப்பாவும் தங்கச்சி அசனாவும் அல்லாஹ்வின் காவலில் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனம் எப்படி என்றால் அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீயும் உன்னோடு அறையில் இருக்கிற பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஐந்து நேரத் தொழுகையிலும் கேட்கிறேன். உன்மேல் கோபமாக இருக்கிற இந்தக் கிழமையிலும் கேட்டேன், அது வேறு இது வேறு.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பூனைதானே உம்மா, அதற்குப் போய் இரண்டு பக்கம் எழுதுவதா, வேறொன்றை எடுத்து வளருங்கோ, பக்கத்து வீட்டாருக்குப் பொறாமை, வீட்டு வாசத்துக்கு இன்னும் ஆறு வாசனை டின் ஊருக்கு வருகிற ஆளிடம் கொடுத்து விடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வாப்பா அதை வாசித்துவிட்டு மடித்துக் கதிரையில் வைத்தார், அன்றைக்கு அவர் சோறு சாப்பிடவில்லை. அந்தப் பூனையை யார் கொண்டு வந்தது என்று உனக்கு மறந்து போயிற்றா? துறைமுகத்தில் அவர் வேலை செய்த கடைசி வருஷம், இறங்குதுறையில் நைலோன் கயிற்றுச் சுருளுக்குள்ளே கண் திறக்காமல் கிடந்ததைச் சாப்பாட்டுக் கேரியரில் வைத்துக் கொண்டு வந்தார். நைலோன் என்று பேர் வைத்தது நீதான். நீ விமானம் ஏறின அன்று அது உன் பெட்டிக்கு மேலே ஏறிப் படுத்துக்கொண்டு இறங்கமாட்டேன் என்று நின்றதும் உனக்குத்தான் நினைவில்லை, எங்களுக்கு இருக்கிறது.

நான் முந்தி எழுதின கடிதத்தில் நைலோனையும் குட்டிகளையும் பக்கத்து வீட்டு நபீஸா மருந்து வைத்துக் கொன்றுவிட்டாள் என்று எழுதினேன். அது பொய். நான் எழுதின பொய்யை நீயும் ஓம் என்று ஏற்றுக்கொண்டு பொறாமை என்று ஒரு சொல்லையும் மேலே போட்டுவிட்டாய். நடந்ததை இப்போது ஒழுங்காக எழுதுகிறேன், அவசரப்படாமல் கடைசி வரைக்கும் வாசி, உனக்கு எதையும் கடைசி வரைக்கும் வாசிக்கிற பழக்கம் இல்லை.

போன ஹஜ் பெருநாளுக்கு நீ வந்தபோது ரோசாப்பூப் படம் போட்ட வாசனை டின் ஒரு பெட்டி கொண்டு வந்து சொந்தக்கார வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொன்று கொடுத்தாய். மேலே அமுக்கினால் புகை மாதிரி அடிக்கும். அதில் முழுக்க அரபு எழுத்து. அரபு எழுத்து இருக்கிற சாமானை நிலத்தில் வைக்கலாமா, நான் அதை அலுமாரிக்கு மேலே குர்ஆனுக்குப் பக்கத்தில் வைத்தேன். வாசித்தும் பார்த்தேன். குர்ஆனில் இருக்கிற மாதிரி மேலேயும் கீழேயும் குறிகள் இல்லாததால் எழுத்து எழுத்தாகத்தான் கூட்ட முடிந்தது, கருத்து தெரியாது, எந்தக் காலத்தில் எங்களுக்குக் கருத்துச் சொல்லித் தந்தார்கள்? ஒவ்வொரு வியாழன் பின்னேரமும் சாம்பிராணி போட்ட பிறகு சன்னலைத் திறந்து வைத்து ஒரு தடவை அமுக்குவேன். நைலோன் அந்த நேரம் எழும்பி வெளியே போய்விடும். ஷைத்தானுக்குத்தான் நல்ல வாசம் பிடிக்காது என்று சொல்லி நான் சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் என் வாயிலேயே அடிக்க வேண்டும் போல் இருக்கிறது.

நோன்புக்கு முதல் மாதம் அசனாவைப் பார்க்கக் கந்தளாயிலிருந்து ஆட்கள் வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். மாப்பிள்ளைக்குச் சீனித் தொழிற்சாலையில் வேலை, நல்ல குடும்பம். நைலோன் அப்போது முன் அறை அலுமாரிக்குக் கீழே மூன்று குட்டி போட்டுப் பத்து நாள். குட்டி நாற்றம் ஒரு பக்கம், நபீஸாவின் புருஷன் பக்கீர் வேலிக்கு அந்தப் பக்கம் காயப் போட்டிருக்கிற கருவாட்டு நாற்றம் ஒரு பக்கம். வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குப் பதற்றம். கருவாட்டு வாசம் வராமல் சன்னல் எல்லாவற்றையும் பூட்டினேன், பூட்டிவிட்டு உன் டின்னை எடுத்து அறை முழுக்க அடித்தேன், அலுமாரிக்குக் கீழே கையை நீட்டி குட்டிகள் கிடந்த சாக்கின் மேலேயும் அடித்தேன். அரை டின்னுக்கு மேலே முடிந்தது. நைலோன் ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு வாசலுக்கு வந்தது. வருகிறவர்களின் காலுக்குள்ளே பூனை ஓடித் திரிந்தால் என்ன மரியாதை என்று குட்டியைப் பிடுங்கிச் சாக்கில் போட்டு, நைலோனையும் உள்ளே தள்ளி, அவர்கள் வருகிற வரைக்கும் அறைக் கதவைப் பூட்டி வைத்தேன். வந்தவர்கள் வீடு நல்ல வாசமாக இருக்கிறது என்றார்கள். மாப்பிள்ளையின் உம்மா மூன்று தரம் தும்மினார், அதையும் நான் நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை நைலோனின் வாயில் நுரை. காலைத் தூக்கி வைக்க ஏலாமல் சுவரோடு சாய்ந்து நடந்தது. உடம்பை நக்கும், துப்புகிற மாதிரி தலையை உதறும், திரும்பவும் நக்கும். இரண்டு குட்டிகள் சாக்கிலேயே விறைத்துக் கிடந்தன, மூன்றாவதைக் காணவில்லை. வாப்பா கரண்டியால் பால் பருக்கிப் பார்த்தார், இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவருடைய மடியில் கிடந்து செத்தது. அந்தப் பூனை முந்தி ஒரு நாள் கருவாட்டை இழுத்துக்கொண்டு வந்ததற்கு நபீஸா, உங்கட பூனைக்கு ஒருநாளைக்கு மருந்து வைக்கப் போறன் ராத்தா என்று பகிடியாகச் சொன்னவள். எனக்கு அந்தச் சொல்தான் நினைவு வந்தது. வேலிக்குப் பக்கத்தில் நின்று தெரு முழுக்கக் கேட்க அவளை என்னென்ன கேட்டேன் என்று உனக்கு எழுத மாட்டேன். போதாதென்று உன் புருஷன் பள்ளிவாசலில் சத்தியம் பண்ணட்டும் பார்ப்போம் என்றும் சொன்னேன். அந்த வெள்ளிக்கிழமை பக்கீர் ஜும்ஆ முடிந்த பிறகு அத்தனை ஆம்பிளைகளுக்கும் முன்னால் எழும்பி நின்று, ஒரு பூனைக்காகச் சத்தியம் பண்ணினார். அறுபது வயது மனிசன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பள்ளிக்குப் போகிறதில்லை, வெயிலில் ஒரு மைல் நடந்து வேறு பள்ளிக்குப் போகிறார். நோன்பு முப்பது நாளும் அவர்கள் வீட்டுக் கஞ்சி எங்கள் வீட்டுக்கு வரவில்லை, எங்கள் கஞ்சி அங்கே போகவில்லை. இருபத்தாறு வருஷத்தில் அப்படிப் போன முதல் நோன்பு இதுதான்.

பெருநாள் முடிந்த பிறகு, நீ அனுப்புகிறேன் என்ற டிக்கெட்டில் நானும் வாப்பாவும் போகப் போகிற ஹஜ்ஜில் ஓதுகிறதைச் சொல்லித் தர மௌலவி ஹிஸ்புல்லா வீட்டுக்கு வந்தார், மதீனாவில் படித்துவிட்டு வந்த பிள்ளை. குர்ஆனை எடுக்கக் கையை நீட்டியவர் டின்னைக் கண்டுவிட்டு இது ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்டார். அரபு எழுத்து அல்லவா என்றேன். சிரித்துக்கொண்டுதான் கையில் எடுத்தார், வாசிக்க வாசிக்கச் சிரிப்பு நின்றது. பூட்டிய அறையில் அடிக்க வேண்டாம், பிராணிகளும் பறவைகளும் இருக்கிற இடத்தில் அடிக்க வேண்டாம், அடித்தால் சன்னல்களைத் திறந்து வை என்று போட்டிருக்கிறதாம். சின்ன எழுத்தும் இல்லை மகன், ரோசாப்பூவுக்கு நேரே கீழே. பத்து மாதமாக நான் அண்ணாந்து பார்த்து மரியாதை செய்த எழுத்து.

இப்போது நான் உன்னைக் கேட்கிறேன். நான்கு வருஷம் அங்கே இருக்கிறாய். அரபியிலே முதலாளியோடு சண்டை பிடிக்கத் தெரியும் என்று தங்கச்சிக்கு எழுதுகிறாய், கடைப் பலகை எல்லாம் வாசிப்பேன் என்று இங்கே வந்து பெருமை பேசினாய். ஒரு டின்னைத் திருப்பிப் பார்க்க உனக்கு நேரம் இல்லையா? எங்களுக்குத் தெரியாது என்று உனக்குத் தெரியும். ஊருக்குக் கொடுக்கிற சாமான் மினுங்கினால் போதும் என்று நினைத்துவிட்டாய். எனக்கு அது பொறுக்கவில்லை.

மௌலவி போன கையோடு நான் நபீஸா வீட்டுக்குப் போனேன். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வீடு வீடாகப் போய்ப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறது வழக்கம், நான் அந்த வழக்கத்துக்காகப் போகவில்லை, கால் தானாகப் போனது. எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவள் குசினிக்குப் போய் ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நைலோனின் மூன்றாவது குட்டி, இப்போது நல்ல கொழுகொழு என்று இருக்கிறது. நான் கதவைப் பூட்ட முதலே நைலோன் ஒன்றை வேலிக்குக் கீழால் கொண்டு போய் அவர்களுடைய கருவாட்டுக் கொட்டிலில் விட்டிருக்கிறது. குட்டிய விட்டிட்டு மற்றதுகள எடுக்க உங்கட வீட்டுக்குத் திரும்பிப் போனத நான் கண்டனான் ராத்தா, பிறகு அது வரவேயில்ல என்று நபீஸா சொன்னாள். நான் வாசலில் பிடுங்கினது இரண்டாவது குட்டி. குட்டி இருக்கிறதைச் சொல்லியிருந்தால் களவு என்று அதற்கும் ஒரு சத்தியம் கேட்டிருப்பேன் என்று பயந்து பேசாமல் இருந்திருக்கிறாள். பயந்தது சரி, நான் கேட்டுத்தான் இருப்பேன்.

நபீஸா பொறுத்துவிட்டாள். பக்கீர், நான் உங்களப் பொறுத்திட்டன் ராத்தா, ஆனா அண்டைக்குப் பள்ளியில இருந்த சனத்துக்கு முன்னால எனக்கு இன்னும் தலை நிமிரேல்ல என்றார். வாப்பா போய்ப் பள்ளியை நடத்துகிற மரைக்காரிடம் உண்மையைச் சொன்னார். மரைக்காரும் பள்ளியில் இருந்தவர்களும் சிரிக்கிறார்கள், குவைத்திலிருந்து வந்த வாசனை டின் பூனையைக் கொல்லுமா, ஹஜ்ஜுக்குப் போக முதல் சண்டையைத் தீர்க்க றுக்கியா கதை கட்டுகிறாள் என்கிறார்கள். வள்ளத்தில் கிண்ணியாவுக்குப் போய்ச் சித்தி பரீதாவிடம் சொன்னேன், அவளுடைய முன் அறையில் இரண்டு கிளிக்கூடு தொங்குகிறது, அதற்கு நேரே நீ கொடுத்த டின். ஜவாஹிர் தந்த சாமானை ஜவாஹிர் சொன்னால் நிற்பாட்டுவேன் என்கிறாள். என் கண் கண்டதை நம்ப இங்கே ஆள் இல்லை, குவைத் முத்திரை ஒட்டின கடிதம் வந்தால்தான் நம்புவார்கள்.

ஆகையால் நீ மூன்று கடிதம் எழுத வேண்டும். ஒன்று சித்திக்கு, டின் கொடுத்த மற்ற வீடுகளுக்கும் அவளைச் சொல்லச் சொல். ஒன்று பக்கீருக்கு, பொறாமை என்று எழுதினதற்கு. ஒன்று மரைக்காருக்கு, ஜும்ஆ முடிந்து எல்லோருக்கும் கேட்க வாசிக்கச் சொல்லி. டின்னில் போட்டிருக்கிறதை ஒரு வரி விடாமல் தமிழில் எழுது. அதில் என்னைக் காப்பாற்றப் பார்க்காதே. டின்னைக் கொண்டு வந்து கொடுத்தது நான், அடித்தது என் உம்மா, தாய்ப்பூனை குட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது உள்ளே தள்ளிக் கதவைப் பூட்டியதும் என் உம்மா என்று எழுது. என் பேரையும் போடு. அது பள்ளியில் வாசிக்கப்பட்ட பிறகு எங்கள் இரண்டு பேரின் ஹஜ் டிக்கெட்டையும் அனுப்பு. அதற்கு முதல் வந்தால் பிரிக்க மாட்டேன், அந்த டின் இருந்த இடத்திலேயே தூக்கி வைத்துவிடுவேன்.

வெயிலில் தலையில் துணி இல்லாமல் திரியாதே, நேரத்துக்குச் சாப்பிடு. அசனாவின் சம்பந்தம் முடிவாகிவிட்டது, அந்தச் செய்தியைச் சந்தோஷமாக வேறொரு நாள் எழுதுகிறேன். உன்னை அல்லாஹ் எல்லா ஆபத்திலிருந்தும் காப்பானாக, உன் கையால் யாருக்கும் ஒரு கெடுதலும் வராமல் காப்பானாக. ஆறு டின்னையும் ஆளிடமிருந்து திருப்பி வாங்கிவிடு, அதை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் உம்மா
றுக்கியா