அட்டையில் வந்த கோட்டை

ஐப்பசி 9, செவ்வாய்.

ருமேனியாவில் ரத்தக்காட்டேரிப் பிரபுவின் வீடென்று கூட்டம் அலைமோதும் கோட்டையில் அந்தக் கதைக்கு மூலமான மன்னன் குடியிருந்ததே இல்லை. அவன் எடுத்துக் கட்டிய கோட்டை வேறொரு மலையில் இடிந்து கிடக்கிறது. இதைச் சொல்லத்தான் ஆறு வருடம் புத்தகம் எழுதினேன். இன்று கோரிப்பாளையம் அச்சகத்தில் பிரதிகள் தயார். அட்டையில், கூட்டம் மொய்க்கும் அதே கோட்டை.

"நீங்க குடுத்த படத்துல வெறும் குட்டிச்சுவருதாண்ணே இருந்துச்சு. நானே நெட்ல நல்லதா எடுத்துப் போட்டேன்" என்றார் அச்சகக்காரர் காதர்.

"உள்ளே என்ன எழுதியிருக்கேன்னு படிச்சீங்களா?"

"அம்புட்டையும் எவண்ணே படிப்பான்? அட்டையப் பாத்துட்டு ரெண்டு பேரு விலை கேட்டாக. வேணும்னா மாத்தி ஒட்டித் தாரேன்."

என் புத்தகத்தை இதுவரை யாரும் விலை கேட்டதில்லை. மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது குரல்கூடத் தடுமாறவில்லை. அதுதான் தூங்கவிடாமல் செய்கிறது.