அசுந்தா முந்தி ஏற்றிய விளக்கு

2.10.2005

ஆர்த்தியின் அப்பாவுக்கு உங்கள் உண்ணாமலை எழுதுவது. நானும் ஆர்த்தியும் சுகம். நீங்கள் பிரஷர் மாத்திரையை மறக்காமல் போடுகிறீர்களா? ரசத்தில் உப்பு ஜாஸ்தியானால் என்னைத் திட்டாதீர்கள், நான் கடல் கடந்து இருக்கிறேன்.

ஒரு விஷயம். கோபப்படாமல் கடைசி வரை படியுங்கள். மகளைப் பார்க்க ஜெர்மனிக்கு வந்தவள் இப்போது அங்கே இல்லை. இத்தாலிக்குத் தெற்கே ஒரு சின்னத் தீவில், அசுந்தாவின் வீட்டில் இருக்கிறேன். ஆமாம், செங்கம் ரோட்டில் நம் மாடி அறையில் பன்னிரண்டு வருஷம் குடியிருந்த அதே அசுந்தாதான். சொன்னால் விடமாட்டீர்கள் என்றுதான் சொல்லாமல் வந்தேன். ஆர்த்தியைத் திட்டாதீர்கள், பிடிவாதம் என்னுடையது.

எங்கள் ஊர் மலையிலும் தீ உண்டு, தினமும் எரியும் என்று அவள் சொல்வாளே, ஞாபகம் இருக்கிறதா? வெள்ளைக்காரி நன்றாகக் கதை அளக்கிறாள் என்று நாம் சிரித்தோம். அத்தனையும் நிஜம்ங்க! படகிலிருந்து பார்க்கும்போதே மலை உச்சியில் புகை. கால் மணிக்கு ஒரு தரம் 'டொம்' என்று சத்தம், பிறகு சிவப்பாக நெருப்பு மேலே எழும்புகிறது. ஊர்க்காரர்கள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. நான் மட்டும் ஒவ்வொரு தரமும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். "அம்மா, கணக்கே இல்லாம கும்பிடுற, கை வலிக்கப் போவுது"னு ஆர்த்தி கிண்டல் செய்தாள். மலை என்றால் செருப்பைக் கழற்றத்தானே எனக்குத் தெரியும்? கழற்றிவிட்டு நடந்தேன். கறுப்பு மணல் சுட்டதில் உள்ளங்காலில் கொப்புளம். அசுந்தாதான் மருந்து போட்டாள்.

அவள் பாதியாகிவிட்டாள். பின்னல் போட்டுக்கொண்டு, உங்களுக்கு முன்னாடி காபி கேட்டு அடுப்படிக்கு வருவாளே, அந்த முடி இப்போது இல்லை. அடுத்த வருஷத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் டாக்டர் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறாராம்.

நேற்றுச் சாயங்காலம் மலை திடீரென்று அடங்கிப் போனது. ஒரு மணி நேரம் சத்தமே இல்லை. எனக்கு நிம்மதி. ஊருக்கோ பயம் வந்துவிட்டது. ஆளுக்கொரு விளக்கோடு வெளியே வந்து சுவர் மேல் வைத்தார்கள். எழுந்து நிற்க முடியாத அசுந்தாவும் ஜன்னலில் ஒரு விளக்கு வைத்தாள். ஏன் என்று கேட்டேன். "மலை பேசலைன்னா நாம முதல்ல விளக்கு வைக்கணும் அக்கா. நாங்க இருக்கோம்னு அதுக்குச் சொல்லணும்" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "அந்தக் கார்த்திகை அன்னிக்கு உங்க மலைய மேகம் மூடிடுச்சு. அண்ணன் பாவம், விரதம் முடிக்க முடியாம பட்டினியா மேலயே பாத்துக்கினு நின்னாரு. அதான் ஏத்தினேன்" என்றாள்.

எனக்கு அழுகை பொங்கிவிட்டது. உச்சியில் தீபம் தெரியாமல் நம் ஊரில் யாரும் அகல் ஏற்றமாட்டார்கள். நாலு வருஷம் முன்னால் அந்தக் கார்த்திகையில் அவள் மாடிச் சுவர் நெடுக முந்தி ஏற்றிவிட்டாள், தெருவே வாய்க்கு வந்தபடி பேசியது. மறுவாரம் உங்கள் தம்பி சகாதேவன் விபத்தில் போனதும், அந்த விளக்குதான் காவு வாங்கியது என்று சொல்லி, இனி இந்த வாசல் மிதிக்காதே என்றீர்கள். சகாதேவன் நான் சோறு போட்டு வளர்த்த பிள்ளை. எனக்கும் வயிறு எரிந்தது, அதனால்தான் அன்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். அது என் தப்பு. லாரிக்காரன் குடித்துவிட்டு ஓட்டியதற்கு இவள் விளக்கு என்னங்க செய்யும்?

இந்தக் கார்த்திகைக்கு நம் மலைத் தீபத்தை ஒரு தரம் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆர்த்தி கூட்டி வருகிறேன் என்கிறாள். ஆனால் இவள், "அண்ணன் கூப்பிடாம வாசல் மிதிக்க மாட்டேன்" என்கிறாள். உங்களைவிடப் பிடிவாதக்காரி!

மாடி அறையை யாருக்கும் விட்டுவிடாதீர்கள். அண்ணாமலையார் உங்கள் மனசைக் குளிர வைக்கட்டும். போன் செய்ய வேண்டாம், பேசினால் நீங்கள் கோபப்படுவீர்கள், நான் அழுவேன். ஒரு கார்டில் 'வாங்க' என்று மட்டும் பெரிய எழுத்தாக எழுதிப் போடுங்கள். யாரும் படித்துக்காட்ட வேண்டாம், அவளே எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள்வாள். மாடியில் உட்கார வைத்து அவளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தவர் நீங்கள்தானே.

உங்கள் பதிலுக்காக இந்த ஜன்னலோரம் காத்திருக்கும்,
உண்ணாமலை