சாவியை யாருகிட்ட குடுப்ப?

சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிவிட்டேன். விரலிலிருந்து அவரைக்காய் வாசனை போகவில்லை. சமையலறைக்குள் வந்த இவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, “இன்னைக்கு மிளகு ரசந்தானே வெச்ச?” என்று கேட்டார். ஆமாம், ரசந்தான். இந்த வாசனை உன் தெருவிலிருந்து என்னோடு வந்தது. பனிக்காலம் வந்தால் உங்கள் பக்கம் வாசலுக்கு வாசல் குண்டானை வைத்துக்கொண்டு, ஊறின அவரைக்கொட்டையைத் தோல் நீக்கிப் பிதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களே, இன்று அவர்களோடு நானும் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

வந்தது பருப்பு பிதுக்க இல்லை. உன் வீட்டைப் பார்க்க வந்தேன். வாங்குவதற்கு.

போன வாரம் சென்னையிலிருந்து அண்ணா போன் செய்தார். உன் வீட்டுக்காரரை உன் கல்யாணத்தன்று அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்தவள், இன்னும் அப்படித்தான். மகளோடு இருக்கிறார், குரல் பரவாயில்லை. “வீட்டைக் குடுத்துடலாம்னு இருக்கேம்மா. ப்ரோக்கர்கிட்ட இன்னும் சொல்லல. வித்தா மொதல்ல உன்னத்தான் கேக்கணும்னு அவ சொல்லிட்டுப் போயிருக்கா” என்றார். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபந்தான் வந்தது. நான் உன் வீட்டின் மேல் கண் வைத்திருந்தது இத்தனை வருஷமாக உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்காமல் காபி போட்டுக் கொடுத்து அனுப்பியிருக்கிறாய்.

இவருக்குச் சம்மதம். பையனுக்கு, அவன் ரூமில் ஜன்னல் இருந்தால் சரி. எங்கள் ஃப்ளாட்டை விற்றுவிட்டு உன் வீட்டுக்கு வருவதா வேண்டாமா என்பதை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

சில்க் போர்டில் மெட்ரோ ஏறினேன். உட்கார இடம் கிடைத்தது. வெளியே பார்த்துக்கொண்டே வந்தால் நம் பழைய ஆபீஸ் கீழே போகிறது, எலெக்ட்ரானிக் சிட்டி போகிறது, அடுத்து உன் ஹெப்பகோடி வந்துவிட்டது. நீ இருந்தவரை தூண்களைத்தான் பார்த்தாய், ரயிலைப் பார்க்கவில்லை. ஸ்டேஷனிலிருந்து உன் தெருவுக்கு நடந்தே போய்விடலாம். செத்துப்போனவளை நினைத்து யாராவது வயிறு எரிவார்களா என்று நீ கேட்பாய். எனக்கு எரிந்தது.

குடியாத்தத்திலிருந்து நீயும் ஆரணியிலிருந்து நானும் வந்து ஒரே பி.ஜி. ஹாஸ்டலில், ஒரே அறையில் விழுந்தோம். கம்பெனி கேபுக்கு நிற்கும்போதெல்லாம் நமக்கு ஒரே பேச்சுத்தான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சைட் வாங்குவோம், வீடு கட்டுவோம், நடுச்சுவரில் ஒரு சின்ன கேட் வைப்போம். வாசலைச் சுற்றிக்கொண்டு வராமல், நைட்டியோடு ஒருத்தி வீட்டிலிருந்து இன்னொருத்தி வீட்டுக்குப் போகிற மாதிரி. கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, வாடகை வீடுகள் மாறி அலைந்தபோதும் அந்த கேட்டை நாம் விடவில்லை. அதற்கு என்ன பெயிண்ட் என்பதுவரை பேசினோம். நீ பச்சை என்பாய், நான் நீலம் என்பேன்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமைகள். வாரம் முழுக்க ஆபீஸ் என்பதால் ஞாயிறு மட்டுந்தான் வீடு பார்க்கக் கிளம்புவோம். ப்ரோக்கரின் காரில் நம் இரண்டு குடும்பமும் நெருக்கிக்கொண்டு போகும். பேகூர், ஓசா ரோடு, சந்தாபுரா, சர்ஜாபுரா ரோடு என்று ஒன்று விடவில்லை. நான் சமையலறையில் குழாயைத் திறந்து மூடி, கபோர்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீ காணாமல் போயிருப்பாய். தேடினால் பக்கத்து வீட்டு வாசலில் நின்று குடிக்கத் தண்ணீர் கேட்டுக்கொண்டிருப்பாய். காரில் பாட்டில் நிறையத் தண்ணீர் இருக்கும், ப்ரோக்கருக்கு முகம் சுருங்கிப்போகும். நீ திரும்பி வந்து என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பாய்.

“எல்லாம் சரி. இங்க சாவிய யாருகிட்ட குடுப்ப?”

வேலைக்குப் போகிற இரண்டு பேர், ஸ்கூலிலிருந்து வருகிற குழந்தை, கேஸ் சிலிண்டர், திடீரென்று ஊரிலிருந்து வந்து நிற்கும் மாமியார். இதற்கெல்லாம் சாவியை வாங்கி வைத்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்பது உன் கணக்கு. தண்ணீரை யார் கொடுக்கிறார்கள், எப்படிக் கொடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் அந்தத் தெருவைப் பற்றியே பேசுவாய். எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

ஹெப்பகோடி லேஅவுட்டுக்குப் போன அன்று தண்ணீர் குடிக்கப் போனவள் திரும்பவே இல்லை. ஃபேக்டரி பக்கம், தார் போடாத ரோடு, என் செருப்பு முழுக்கச் செம்மண். எரிச்சலோடு தேடிக்கொண்டு வந்தால், முன்பின் தெரியாத ஒரு வீட்டு வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நம் வயதில் இருந்த ஒரு கன்னடப் பெண்ணோடு அவரைப் பருப்பு பிதுக்கிக்கொண்டிருக்கிறாய். நீ பிதுக்கிய பருப்பு துள்ளிப் போய் எதிர்ச்சுவரில் விழுகிறது. இருவரும் சிரிக்கிறீர்கள். என்னைப் பார்த்ததும், “இன்னாடி அங்கயே நிக்கற, வா. இவங்க மஞ்சுளா” என்றாய். அந்த நிமிஷமே எனக்கு மஞ்சுளாவைப் பிடிக்கவில்லை.

நீ அவள் வீட்டுக்கு அடுத்த வீட்டையே முடிவு செய்தாய். நான் சர்ஜாபுரா ரோட்டு ஃப்ளாட்டைப் பிடித்தேன். நீச்சல் குளம், கிளப் ஹவுஸ், வாசலில் நீரூற்று. “செக்யூரிட்டி இருக்காங்க, சாவிய அவங்ககிட்ட குடுப்பேன்” என்று உனக்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன். நீ வாதாடவில்லை. “ஞாயித்துக்கிழமையிலயே பாத்துக்கினு இருக்கோம்டி. ஒரு திங்கக்கிழமை லீவு போட்டுட்டு வந்து பாரு, அப்பறம் முடிவு பண்ணு” என்று மட்டும் சொன்னாய். நான் லீவு போடவில்லை. அந்தச் சின்ன கேட்டைப் பற்றி அதற்கப்புறம் இருவரும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த ரோடு காலியாக இருந்தது. உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் அரை மணி நேரம் என்றார் ப்ரோக்கர், அவர் பொய் சொல்லவில்லை. குடிபோன மறுநாள் காலையில்தான் அந்த ரோட்டின் நிஜ முகத்தைப் பார்த்தேன்.

முதல் ஒன்றிரண்டு வருஷம் எல்லோரும் என் வீட்டைத்தான் புகழ்ந்தார்கள். கிரகப்பிரவேசத்துக்கு வந்த உன் சொந்தக்காரர்களே நீரூற்றின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பிறகு என் பக்கம் தண்ணீர் டேங்கர் லாரிகள் வர ஆரம்பித்தன, உன் பக்கம் தார் ரோடு வந்தது. நீ நட்ட செண்பக மரம் மாடிக்கு வளர்ந்தது. எங்கள் வளாகத்துக்குள் வர போனில் அனுமதி கொடுக்க வேண்டும், அதற்கு நீ, “உங்க வீட்டுக்கு வர்றதுக்கு விசா வேணும்டி” என்பாய். “ஃபேக்டரிப் புகை எப்படி இருக்கு?” என்று நான் குத்துவேன். “ஜோரா இருக்கு” என்று சிரிப்பாய்.

ஆனால் என் வயிற்றெரிச்சல் மரத்துக்கும் ரோட்டுக்கும் இல்லை. போனை எடுத்தால் மஞ்சு. மஞ்சு கொடுத்தாள், மஞ்சு சொன்னாள், மஞ்சு வந்து பார்த்துக்கொண்டாள். உன் மகள் பெரியவளான அன்று முதலில் வந்து தலைக்கு ஊற்றியது மஞ்சு, எனக்குத் தகவல் மறுநாள் வந்தது. ஒருமுறை வந்தபோது உன் வீட்டு நடுச்சுவரைப் பார்த்தேன். சுவரை இடித்து ஒரு சின்ன கேட் வைத்திருந்தாய். பச்சை பெயிண்ட். அதன் வழியாக நைட்டியோடு மஞ்சுளா ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். நான் அந்தக் கிண்ணத்தைத் தொடவில்லை. தலை வலிக்கிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன், நீ தைலம் எடுத்து வந்து என் பையில் போட்டாய்.

நீ போனது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். நெஞ்சு வலி என்று அண்ணா போன் செய்தவுடனே கிளம்பினேன். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் அரை மணி நேரம். ஓசா ரோட்டில் மழைத் தண்ணீரில் வண்டிகள் அப்படியே நின்றன, என் வண்டியும் நின்றது. நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உன் கையைப் பிடித்துக்கொண்டு மஞ்சுளா உட்கார்ந்திருந்தாள். அதை என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அது நான் பிடித்திருக்க வேண்டிய கை.

ஆக இன்று திங்கட்கிழமை. லீவு போட்டுவிட்டுத்தான் வந்தேன், நீ சொன்னபடி, கொஞ்சம் தாமதமாக. மெட்ரோவில் வரும்போதே ஒரு முடிவு செய்திருந்தேன். வீட்டை வாங்கினால் முதல் வேலை அந்தக் கேட்டைப் பிடுங்கிவிட்டுச் சுவர் வைப்பது.

வீட்டுச் சாவி யாரிடம் இருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? அவளிடம் போய் நின்று கேட்க வேண்டியிருந்தது. வாசலில் குண்டானோடு உட்கார்ந்திருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“பன்னி பன்னி, வாங்க. அண்ணா போன் பண்ணி சொன்னாரு, நீங்க வருவீங்கன்னு. ஊட்டா ஆயித்தா? மொதல்ல சாப்டுங்க.”

“சாப்ட்டேன். சாவி வேணும்.”

உள்ளே போய் எடுத்துவந்தாள். சாவியில் அதே மரக்கிளி வளையம், சென்னபட்டணா போனபோது நாம் ஜோடியாக வாங்கியது. என்னுடையது எப்போதோ தொலைந்துவிட்டது. வீட்டைத் திறந்து பார்த்தேன். பாத்திரம் கழுவுகிற இடத்தில் தூசி இல்லை, சாமி விளக்கு துலக்கியிருந்தது. யார் செய்த வேலை என்று கேட்கத் தேவையில்லை. எல்லா ஜன்னலையும் திறந்தேன். நல்ல வீடுதான், காற்று வருகிறது. உன்னைத் திட்டிக்கொண்டே ஒவ்வொரு அறையிலும் கொஞ்ச நேரம் நின்றேன்.

சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவள் மணையை நகர்த்திப் போட்டாள். உட்கார்ந்தேன். சும்மா உட்கார முடியாமல் கையைக் குண்டானுக்குள் விட்டேன். இரண்டு பேரும் பிதுக்கினோம். பிறகு அவள் நிமிராமலே கேட்டாள்.

“நீங்க வந்தா அந்த கேட்ட மூடிடுவீங்களா?”

நான் அடுத்த கொட்டையை எடுத்துப் பிதுக்கினேன். அவளும் அதை விட்டுவிட்டாள்.

“எனக்கு அவங்கள இந்த வீட்லருந்துதான் தெரியும். உங்களுக்கு பி.ஜி. காலத்துலருந்து தெரியும் இல்லவா? கல்யாணத்துக்கு முன்னாடி எப்படி இருந்தாங்க? நான் கேட்டா சிரிப்பாங்க, சொல்லவே மாட்டாங்க. நீங்க சொல்லுங்க.”

அவள் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பார்வை எனக்குப் புதிதில்லை. பச்சை கேட்டை நான் பார்த்த பார்வைதான் அது. என்னிடம் இருக்கிற ஒன்று தன்னிடம் இல்லையே என்று ஒருத்தி எரிந்துகொண்டிருக்கிறாள், இத்தனை வருஷமும் எரிந்திருக்கிறாள். எனக்கு அது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று உன்னிடம் சொல்வதில் என்ன வெட்கம். பி.ஜி. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது நீ பாடுவாயே, அதை மட்டும் சொன்னேன். “பாடுவாங்களா?” என்று வாயில் கையை வைத்துக்கொண்டாள். கை முழுக்க அவரைத் தோல். அப்புறம் அழுதாள். நானும் அழுதேன், அவளைவிடக் கொஞ்சம் அதிகமாக.

கிளம்பும்போது சாவியை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. “இனிமே உங்க வீடு. நீங்களே வெச்சுக்கோங்க” என்றாள். அவள் கண் கிளியைவிட்டு நகரவில்லை. எனக்குச் சந்தோஷம். பையில் போட்டுக்கொண்டு வேகமாக நடந்தேன். ஸ்டேஷன் வாசலில் கார்டை எடுக்கப் பைக்குள் கையை விட்டால் கிளிதான் அகப்பட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உன் கேள்வி வந்துவிட்டது. என் ஃப்ளாட்டில் இத்தனை வருஷத்தில் நான் யாரிடமும் சாவி கொடுத்ததில்லை. பையன் சின்னவனாக இருந்தபோது அதைக் கழுத்தில் கயிறு கட்டி மாட்டிவிட்டிருந்தேன். கொடுப்பேன் என்று உன்னிடம் சொன்ன செக்யூரிட்டிக்காரர், நாங்கள் குடிபோன அடுத்த வாரமே வேறு இடத்துக்கு மாற்றலாகிப் போனார்.

திரும்பி நடந்தேன். வாசல் வழியாகப் போகவில்லை. உன் வீட்டுக்குள் நுழைந்து, பின்பக்கமாக வந்து, அந்த கேட்டைத் தள்ளினேன். கிறீச்சென்றது, எண்ணெய் விட வேண்டும். மஞ்சுளா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். சாவியை நீட்டினேன்.

“ஏன், வீடு வாங்கலையா?” என்றாள். முகம் விழுந்துவிட்டது.

“வாங்கறேன். அதுக்குத்தான்.”

ஸ்டேஷனுக்குப் போகும் வழியிலேயே அண்ணாவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன்.

பொறாமை போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. சாவியை அவள் சட்டென்று வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டதைப் பார்த்தபோது எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. உன் ஹெப்பகோடி வருஷங்கள் முழுக்க அவளுடையவை, அதில் எனக்குப் பங்கு கிடைக்காது. ஆனால் பி.ஜி. வருஷங்கள் என்னிடம் இருக்கின்றன. குடிவந்த பிறகு அவள் தினமும் கேட்பாள், எனக்குத் தெரியும். கிண்ணத்தில் எதையாவது கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்பாள். கொடுப்பேன், கொஞ்சம் கொஞ்சமாக. எல்லாவற்றையும் கொடுக்க மாட்டேன். கேட்டுக்கு நீலம் அடிக்கப் போகிறேன். அது ஏன் நீலம் என்று அவள் எத்தனை தடவை கேட்டாலும் சொல்வதாக இல்லை.