மைக்கில் நான் முழுங்கிய வார்த்தை

மாப்ள,

இன்றைக்குக் காலையில் ஒத்தக்கடை டீக்கடையில் வடை மடித்துக் கொடுத்த தாளில், எண்ணெய் ஊறின ஓரமாக, ‘திருத்தம்’ என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. யாரோ ஒருவருடைய பெயரை முந்தின நாள் தப்பாகப் போட்டுவிட்டார்களாம், வருந்துகிறார்களாம். நீ இருந்திருந்தால் வடையைக் கீழே வைத்துவிட்டு அதைத்தான் முதலில் வாசித்திருப்பாய். நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் வடை ஆறிப்போனது. அந்தப் பாவமும் உன்னைத்தான் சேரும்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். ஆட்டோவில் மைக் கட்டி ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கோயில் கொடை, காணாமல் போன ஆடு என்று எல்லாவற்றையும் ஊருக்குச் சொல்கிறவன். நீ மாலைப் பேப்பருக்கு நம் பக்கத்து நிருபர். நமக்கு ஒரே தொழில்தான் என்று நான் சொல்லும்போதெல்லாம் உனக்கு மூக்கு விடைக்கும்.

“ஏன் மாப்ள, உன் பேப்பர்ல எல்லாமே ‘கூறப்படுகிறது’ன்னே இருக்கு? காலையில நீ இட்லி தின்னதாவது உறுதியா, இல்ல அதுவும் தின்றதாகக் கூறப்படுகிறதா?”

“போடா மைக்கு. பார்க்காததைப் பார்த்த மாதிரி எழுதிட்டு, நாளைக்குக் கேஸு வந்தா உன் ஸ்பீக்கரா வந்து சாட்சி சொல்லும்?”

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த என் நாக்கில்தான் சனி வந்து உட்கார்ந்தது. நம் தெருக்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் ஒரு வீடியோ. புது அபார்ட்மெண்ட் வாசல் கேமராவில் பதிந்தது. தலையில் பாத்திரக் கூடையோடு ஒரு பெண், மூன்று வயதுப் பாப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துபோகிறார். கீழே, அங்கே புதிதாகக் குடிவந்த யாரோ, ‘இவர் யார் என்று தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லவும்’ என்று எழுதியிருந்தார். வாசிக்கச் சோம்பல்பட்ட நாலு பேர், “அண்ணே, உங்க குரல்ல சொல்லிப் போடுங்க” என்றார்கள்.

மைக் பிடிக்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. ‘தெரியவில்லை’ என்று சொன்னால் எவனும் நின்று கேட்கமாட்டான் என்று நினைப்பு. ‘இன்றே கடைசி’ என்று அடித்துச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல், அந்த ஒரு வார்த்தையை முழுங்கிவிட்டு, “தாய்மார்களே உஷார்! பிள்ளை பிடிக்கிற பொம்பள ஒத்தக்கடைக்குள்ள வந்துட்டா!” என்று ஏற்ற இறக்கத்தோடு பேசி அனுப்பினேன். மத்தியானத்துக்குள் என் குரல் மேலூர் வரைக்கும் போய்விட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில், வீடியோவில் இருந்த அந்தப் பெண்ணை, நம் பாத்திரக்காரப் பேச்சியக்காவை, சுற்றி வளைத்தார்கள். கூடையைப் பிடுங்கி எறிந்தார்கள். ஒருவன் அவர் முடியைப் பிடித்தான். நீதான் நடுவில் புகுந்து, சட்டை கிழிய, போலீஸ் வரும்வரை மறித்து நின்றாய். விசாரித்தால், வழிதெரியாமல் ரோட்டுக்கு வந்துவிட்ட பாப்பாவை அவர் வீடு தேடிக் கொண்டுபோய் விட்டிருக்கிறார். பாப்பாவின் அம்மாவே வந்து சொன்னாள். ஆனாலும், பழைய துணிக்குப் பாத்திரம் கொடுத்துக்கொண்டு பல வருஷமாக நம் தெருக்களில் நடந்த அக்காவுக்கு, அதற்கப்புறம் ஒரு கதவும் திறக்கவில்லை. சமயநல்லூரிலிருந்து நிறைகூடையோடு வருவார், அதே கூடையோடு திரும்பிப் போவார்.

குரூப்பில் எல்லோரும் வீடியோவை அழித்தார்கள். நானும் அழித்தேன். “அதான் அழிச்சுட்டேன்ல, மாப்ள?”

“அழிச்சது உன் போன்ல. அந்தக்கா மேல ஒட்டுனது அழிஞ்சிருச்சா?”

“வந்ததைத்தானே அனுப்புனேன்?”

“அனுப்புனவனும் கோர்ட்டுப் படி ஏறணும், தெரிஞ்சுக்க. அதுவும் நீ வந்ததை அப்படியேவா அனுப்புன? மசாலா போட்டுல்ல அனுப்பிருக்க!”

குரூப்பில் ‘ஸாரி’ போட்டுவிடுகிறேன் என்றேன். நீ சிரித்தாய். “பொய்ய எம்புட்டுச் சத்தமா சொன்னியோ, அம்புட்டுச் சத்தமா நெசத்தையும் சொல்லு. கட்டு மைக்கை.”

சரி, அந்தக்கா அழுகிற மாதிரி ஒரு வீடியோவும் எடுத்துப் போட்டால் ஊரே உருகிவிடும் என்று யோசனை சொன்னேன். என்னை நீ பார்த்த பார்வையில் ஆட்டோ தானாக ஸ்டார்ட் ஆகியிருக்கும். “அவங்ககிட்ட கேட்டியா?” என்றாய். கேட்கத்தான் சமயநல்லூர் போனோம். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அந்தக் குரலு இந்த ஒடம்புக்குள்ள இருந்தா வந்துச்சு?” என்று கேட்டுவிட்டு, உன் பக்கம் திரும்பினார். “அழுவ மாட்டேன் தம்பி. ஆனா மொகம் தெரியணும். பொய்க்கு என் மொகத்தைப் போட்டீங்கள்ல? நெசத்துக்கும் அதே மொகத்தோட நான் நடந்து வாரேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கூடையோடு முன்னால் நடந்தார். பின்னால் என் ஆட்டோ. “பிள்ளை பிடிக்கிறவர் என்று நான் சொன்னது பொய்! வழிதவறிய பிள்ளையை வீடு சேர்த்தவர் இவர்! யாரிடமும் கேட்காமல் சொன்னவன் நான்!” முதல் தெருவில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்ததோடு சரி. இரண்டாவது தெருவில் பாப்பாவின் அம்மா ஒரு மூட்டைத் துணியோடு இறங்கி வந்தாள். அப்புறம் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. முடியைப் பிடித்தவன்கூட ஒரு பட்டுச்சேலையைக் கொண்டுவந்து நீட்டினான். “உம் பொண்டாட்டிகிட்ட கேட்டியாப்பா?” என்றார் அக்கா. தெருவே சிரித்தது. மத்தியானத்துக்குள் கூடை காலி. என் ஆட்டோ நிறையப் பழைய துணி. ஸ்பீக்கர் மேலே ஒரு கிழிந்த லுங்கி தொங்க, தேர் இழுத்துவந்த மாதிரி திரும்பினோம். மறுநாள் பேப்பரில் அக்கா சொன்னதை முதல் வரியாக வைத்து எழுதியிருந்தாய். ஒரு ‘கூறப்படுகிறது’கூட இல்லை.

போன பங்குனியில் உன் சாவுச் செய்தியை நான்தான் மைக்கில் சொன்னேன். வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான், ‘இறந்துவிட்டதாகக் கூறப்படுகிறது’ என்று சொல்லிவிடலாமா என்று நாக்குத் தவித்தது. சொல்லவில்லை.

நீ போன பிறகு நடந்த ஒன்றை உனக்குச் சொல்லியே ஆகவேண்டும். பேச்சியக்கா இப்போது நம் குரூப்பில் அட்மின். சிரிக்காதே, நெசந்தான். போன மாதம் ஒரு வீடியோ வந்தது. நகைக்கடை வாசலிலிருந்து பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஒரு ஆள். ‘திருடன், அதிகம் பகிரவும்’ என்று போட்டிருந்தது. நான் கண்ணாடியைத் தேடுவதற்குள் அக்காவின் குரல் வந்துவிட்டது: “இந்தாளுகிட்ட யாராச்சும் கேட்டீங்களா? கடையிலயாச்சும் கேட்டீங்களா? கேக்காம எவனாவது அனுப்புனா, வீட்டு வாசலுக்கே வருவேன்.” அடுத்த நிமிஷம் போட்டவரே வீடியோவை அழித்துவிட்டார். ஒருவர்கூட வெளியில் அனுப்பவில்லை. கடையில் கேட்டால், எதுவுமே திருடு போகவில்லை. மனுஷன் புறப்பட்டுவிட்ட பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருக்கிறார்!

இரண்டு நாள் கழித்து, கடைக்காரர் சொல்லிக் கேள்விப்பட்டு, அவரே அக்காவைத் தேடி வந்து கும்பிட்டார். எனக்கு டீ வாங்கிக் கொடுத்துத் தன் பெயரையும் சொன்னார். ஒத்தக்கடையில் வேறு யாருக்கும் அது தெரியாது. நாலு தெருவுக்குக் கேட்கிற இந்தத் தொண்டைக்குள் அந்தப் பெயரைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், மாப்ள. உனக்குக்கூடச் சொல்லமாட்டேன், போ.